காத்திருப்போர் பட்டியலில் ஏழாவது ஆள்: எந்த விதி வளையும், எந்த விதி வளையாது?

உங்கள் கேள்வியை முதலில் என் சொற்களில் சொல்லிப் பார்க்கிறேன். நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் பதிலும் தவறிவிடும். சென்னையில் பல் மருத்துவம் முடித்துவிட்டு அமெரிக்காவில் எம்.பி.எச்., அதாவது பொதுச் சுகாதார முதுநிலைப் பட்டம், படிக்கப் போகிறீர்கள். முதல் பருவத்திலேயே எடுத்தாக வேண்டிய எபிடெமியாலஜி (நோய்கள் யாருக்கு, ஏன் வருகின்றன என்று ஆராயும் இயல்) பாடத்தில் 60 இடங்களும் நிரம்பிவிட்டன. காத்திருப்போர் பட்டியலில் 7-ஆவது ஆளாக நிற்கிறீர்கள். அதற்கு உயிர்ப்புள்ளியியல் முன்தகுதி என்று போட்டிருக்கிறது. நீங்களோ அதையும் இதே பருவத்தில்தான் எடுக்கிறீர்கள். 11 பக்க விதிக் குறிப்பில் ‘தாமதமான வீட்டுப்பாடம் ஏற்கப்படாது’, ‘ஆடிட் (மதிப்பெண் இல்லாமல் கேட்பது) செய்ய அனுமதியில்லை’, ‘குறிப்பிட்ட நாளுக்குப் பிறகு விலகினால் மதிப்பெண் பட்டியலில் டபிள்யூ (விலகியதற்கான குறி)’ என்று திரும்பிய பக்கமெல்லாம் எச்சரிக்கை. பேராசிரியருக்கு எழுதினால் கோபித்துக்கொள்வாரோ என்ற தயக்கம் வேறு. இவ்வளவையும் சுருக்கினால் நீங்கள் கேட்பது ஒன்றுதான்: இந்த 11 பக்கத்தில் எது கல்வெட்டு, எது கரும்பலகை எழுத்து?

நான் மதுரையில் புள்ளியியல் படித்தவன். அமெரிக்க மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் இதே பாடத்துக்கு 4 ஆண்டுகள் கற்பித்தல் உதவியாளராகவும், பிறகு 9 ஆண்டுகள் ஆசிரியராகவும் இருந்தேன். நீங்கள் படித்து மிரண்ட அந்த வகைக் குறிப்பை ஒவ்வோர் ஆகஸ்ட் மாதமும் உட்கார்ந்து எழுதியவர்களில் நானும் ஒருவன். என் அனுபவம் 15 வாரப் பருவம் நடக்கும் இடத்தைச் சேர்ந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் போல ஆண்டை 8 வாரத் தவணைகளாகப் பிரிக்கும் இடங்களில் நான் சொல்லும் நாள் கணக்கை ஏறக்குறையப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். விசா பற்றி எழுதப்போவது பொதுவான விதி. உங்கள் விஷயத்தில் கடைசிச் சொல் உங்கள் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்துடையது.

ஒரு சொல்லைப் பற்றிய குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். நம் ஊரில் சிலபஸ் என்றால் பாடத் தலைப்புகளின் பட்டியல். பல்கலைக்கழகம் தருவது, ஆசிரியரும் மாணவரும் சேர்ந்தே அதற்குக் கட்டுப்பட்டவர்கள். அங்கே சிலபஸ் என்பது பாடம் நடத்துபவரே எழுதுவது. தலைப்புகள் அதில் ஒன்றிரண்டு பக்கம்தான், மிச்சமெல்லாம் நடைமுறை. வீட்டு வாடகை ஒப்பந்தத்தைப் படிப்பது போலப் படிக்க வேண்டிய காகிதம் அது. ஆணி அடிக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் எழுதியிருந்தால் முன்பு யாரோ சுவரைப் பெயர்த்திருக்கிறார் என்று பொருள் இல்லையா, அதுபோல இதிலும் ஒவ்வொரு கடுமையான வரிக்குப் பின்னாலும் ஒரு பழைய தகராறு இருக்கும். ‘அச்சுப்பொறிப் பழுது ஒரு காரணமாக ஏற்றுக்கொள்ளப்படாது’ என்று நான் ஓர் ஆண்டு சேர்த்த வரிக்கு, அதற்கு முந்தைய பருவத்தில் ஒரே இரவில் பழுதான நான்கு அச்சுப்பொறிகள்தான் காரணம். அந்த வரி உங்களைப் பார்த்து எழுதப்பட்டதன்று. எனவே தொனியைக் கண்டு மிரள வேண்டாம்.

மிரள வேண்டியது வேறோர் இடத்தில். அந்தக் காகிதத்தில் மூன்று அதிகாரங்களின் விதிகள் ஒரே எழுத்துருவில் கலந்து கிடக்கின்றன. வீட்டுப்பாடம், வகுப்பு வருகை, முன்தகுதி, சேர்ந்து படிக்கலாமா கூடாதா என்பவை ஆசிரியருடைய விதிகள். அவர் எழுதியவை, அவரே தளர்த்தலாம். பாடத்தில் சேரக் கடைசி நாள், விலகக் கடைசி நாள், கட்டணம் எவ்வளவு திரும்பும் என்பவை பதிவாளர் அலுவலகத்தின் விதிகள். ஆசிரியர் உங்களுக்காகப் பரிந்து கடிதம் எழுதலாமே தவிர அந்த நாளை அவரால் நகர்த்த முடியாது. டெக்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகங்களில் இலையுதிர் பருவத்தின் 12-ஆவது வகுப்பு நாளில் தலை எண்ணுவார்கள். மாநில அரசு தரும் பணம் அந்த எண்ணிக்கையோடு பிணைந்தது. இப்படிப் பணத்தோடு கட்டப்பட்ட தேதிகளில் இரக்கம் பார்க்க மாட்டார்கள். மூன்றாவது, எஃப்-1 எனப்படும் மாணவர் விசாவுக்கான மத்திய அரசின் விதிகள். இவை சிலபஸில் ஒரு வரிகூட இல்லாமலும் இருக்கலாம். ஆனால் மற்ற இரண்டையும்விட வலுவானவை. நம் மாணவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஆசிரியரிடம் கேட்டால் கிடைக்கக்கூடியதைக் கேட்கப் பயந்து, பதிவாளர் தேதியை ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று கோட்டை விடுகிறார்கள்.

இனி உங்கள் 7-ஆவது இடம். முதல் ஆண்டு மாணவர்களுக்கு அது பயமாகத் தெரியும், எனக்கு அப்படித் தெரியவில்லை. 60 பேர் கொண்ட என் வகுப்பில் முதல் இரண்டு வாரத்துக்குள் ஐந்தாறு பேராவது விலகுவார்கள், சில ஆண்டுகளில் பத்துப் பேர்கூட. வேறு பிரிவுக்கு மாறுபவர்கள், நேரம் ஒத்துவராதவர்கள், இரண்டு பாடத்தில் பெயர் கொடுத்துவைத்துவிட்டு ஒன்றைக் கைவிடுபவர்கள் என்று பலவகை. அத்துடன், உங்கள் பட்டத்துக்கு இது கட்டாயப் பாடம். வேறு துறையிலிருந்து விருப்பப்பாடமாக எடுக்க வந்தவர் பட்டியலில் உங்களுக்கு முன்னால் இருந்தாலும், பல துறைகளில் கட்டாயம் உள்ளவருக்கே முதலிடம் தருவார்கள். இடம் ஏன் 60-க்கு மேல் போகாது என்றால், அறையின் நாற்காலி எண்ணிக்கை ஒரு காரணம்; பெரிய காரணம் பயிற்சி வகுப்பு. அமெரிக்காவின் முதல் எபிடெமியாலஜி பேராசிரியராகக் கருதப்படும் வேட் ஹாம்ப்டன் ஃப்ராஸ்ட், ஹாப்கின்ஸில் உண்மையான நோய்ப்பரவல் தரவுகளை மாணவர் கையில் கொடுத்துக் கணக்குப் போடவைத்தே கற்பித்தார். அந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது. ஒரு கற்பித்தல் உதவியாளர் எத்தனை விடைத்தாளைத் திருத்த முடியுமோ அத்தனை மாணவர்கள்தான்.

இடம் காலியானதும் கணினியே உங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பும். ஒரு நாளுக்குள் ஒப்புக்கொள்ளாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும் என்பது பரவலான ஏற்பாடு. விமானத்தில் இருக்கும்போது அது வந்தால் என்ன செய்வது என்று இப்போதே யோசித்துவையுங்கள். இடம் கிடைக்கும்வரை முதல் வகுப்பிலிருந்தே போய் உட்காருங்கள். ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு. இரண்டாவது வாரம் இடம் கிடைத்து, அதற்குள் முதல் வீட்டுப்பாடத்தின் கெடு முடிந்துபோயிருந்தால் அந்த மதிப்பெண் போனதுதான் என்று சில ஆசிரியர்கள் கறாராக இருப்பார்கள்.

எனக்குக் கவலை தருவது பட்டியலில் உங்கள் எண் அல்ல. உங்கள் மாணவர் கணக்கில் ‘ஹோல்டு’ ஏதாவது விழுந்திருக்கிறதா என்பதுதான். இதைப் பலர் பார்ப்பதே இல்லை. கணக்கு முடக்கப்பட்டிருந்தால் உங்கள் முறை வரும்போது கணினி உங்களைத் தாண்டிப் போய்விடும். ஏன் என்று யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள். இந்தியாவிலிருந்து வருபவர்களுக்கு இந்த முடக்கம் விழும் முக்கியமான இடம் தடுப்பூசிச் சான்றிதழ். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்து எம்.எம்.ஆர். இரண்டு தவணை போட்டதற்குச் சான்று கேட்பார்கள். நம் அரசு அட்டவணையில் பொன்னுக்கு வீங்கிக்குத் தடுப்பூசி இல்லை. ஆரம்பச் சுகாதார நிலையத்தில் போட்ட அட்டையை அம்மா பத்திரமாக வைத்திருந்தாலும் அது மட்டும் போதாது. தனியாரிடம் போட்டதற்கான சீட்டு இல்லையென்றால், கிளம்புவதற்கு முன்பே இரண்டு தவணையையும் குறைந்தது 28 நாள் இடைவெளியில் போட்டுக்கொள்ளுங்கள். இரத்தத்தில் எதிர்ப்பொருள் இருப்பதைக் காட்டும் பரிசோதனை முடிவையும் பல இடங்களில் ஏற்பார்கள்.

அடுத்தது காசநோய்ப் பரிசோதனை. தோலில் ஊசி போட்டு இரண்டு மூன்று நாள் கழித்துத் தடிப்பை அளக்கும் பழைய முறையை ஒப்புக்கொள்ளாதீர்கள். இக்ரா எனப்படும் இரத்தப் பரிசோதனையைக் கேளுங்கள். பிறந்தவுடன் நமக்குப் போடும் பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசியே தோல் பரிசோதனையில் தடிப்பை உண்டாக்கலாம். நோய்க்கிருமி இல்லாதவருக்கும் ‘இருக்கிறது’ என்று முடிவு வரும். பிறகு மார்பு எக்ஸ்ரே, மருத்துவரின் கடிதம் என்று அலைச்சல், அதற்குள் பட்டியல் நகர்ந்துவிடும். இரத்தப் பரிசோதனை பி.சி.ஜி.யால் ஏமாறுவதில்லை. ஒரு வேடிக்கை பாருங்கள்: நோய் இல்லாதவரை நோயாளி என்று சொல்லும் இந்தப் பிழைக்கு எபிடெமியாலஜியில் ஒரு பெயரும் ஒரு வாய்பாடும் உண்டு, பாதிப் பருவத்துக்குள் அதை நீங்கள் படிப்பீர்கள். அதே வகுப்பில் ‘சிங்கிள்புட்’ என்ற பெயரும் திரையில் வரலாம். நம் செங்கல்பட்டுதான். 1968-இல் தொடங்கி ஏறக்குறைய 2.6 லட்சம் பேரைச் சேர்த்து அங்கே நடந்த பி.சி.ஜி. ஆய்வு, அந்தத் தடுப்பூசி பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயைத் தடுக்கவில்லை என்று காட்டி உலகையே திகைக்கவைத்தது. குழந்தைகளுக்கு வரும் மூளையுறைக் காசநோய் போன்ற கடுமையான வகைகளுக்கு எதிராகப் பலன் இருப்பதால்தான் இன்றும் போடுகிறோம். என் வகுப்பில் ஊத்தங்கரைக்காரர் ஒருவர், சோர்ந்து உட்கார்ந்திருந்தவர், அந்தப் படம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்ததை மறக்க முடியாது.

இந்த இடத்தில் ஒரு சின்னக் குறை சொல்லிக்கொள்கிறேன். எபிடெமியாலஜியைத் தொற்றுநோயியல் என்று தமிழில் எழுதுகிறோம். அந்தப் பெயரைப் பார்த்து ஏமாந்து சேர்பவர்கள் உண்டு. பாடத்தில் பாதிக்குமேல் புற்றுநோய், மாரடைப்பு, சாலை விபத்து, பிறப்பு எடை என்று தொற்றாத விஷயங்கள்தான். நோய்ப்பரவலியல் என்பது ஓரளவு பொருந்தும். கிருமிகளைப் பற்றிப் படிக்கலாம் என்ற ஆசையில் வந்திருந்தால் அது வேறு பாடம்.

முன்தகுதிக்கு வருவோம். சிலபஸில் அந்த வரியை ஒரு முறை கூர்ந்து படியுங்கள். உயிர்ப்புள்ளியியலை முன்பே முடித்திருக்க வேண்டும் என்கிறதா, அல்லது முன்பே முடித்தோ இதே பருவத்தில் எடுத்துக்கொண்டோ இருக்கலாம் என்கிறதா? இரண்டாவது வகை நிறைய இருக்கிறது. எம்.பி.எச். முதல் பருவத்தில் இரண்டையும் ஒன்றாகவே எடுக்கும்படி பல துறைகள் வடிவமைத்திருக்கின்றன. முதல் வகையாக இருந்தாலும் கணினி உங்களைத் தடுக்குமே தவிர ஆசிரியர் அனுமதித்தால் அந்தத் தடை நீங்கும். அனுமதிக்கலாமா என்று நான் எதைப் பார்த்து முடிவு செய்வேன் தெரியுமா? முதல் ஐந்து வாரங்களுக்குத் தேவைப்படுவது பின்னமும் சதவீதமும்தான். புதிதாக நோயுற்றவர் விகிதம், இருக்கும் நோயாளிகள் விகிதம், வயதுக்கேற்பச் சரிசெய்த இறப்பு விகிதம். இவற்றை எட்டாம் வகுப்புக் கணக்குத் தெரிந்தவர் போட்டுவிடலாம். ஆறாவது வாரத்தில் நம்பக இடைவெளி (உண்மையான அளவு எந்த எல்லைக்குள் இருக்கலாம் என்ற கணக்கு) வரும். கடைசி மூன்று வாரத்தில், பல காரணிகளைச் சேர்த்துப் பார்க்கும் லாஜிஸ்டிக் ரெக்ரெஷன் தலைகாட்டும். அதற்குள் பக்கத்து வகுப்பில் உயிர்ப்புள்ளியியல் ஆசிரியர் அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருப்பார். ஆகவே ஒரே பருவத்தில் எடுப்பது நடக்கக்கூடியதே; சுகமானதென்று சொல்ல மாட்டேன்.

சுமையையும் எண்ணிப் பாருங்கள். அமெரிக்க மத்திய அரசின் வரையறைப்படி ஒரு கிரெடிட் என்றால் வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பும், வெளியே குறைந்தது இரண்டு மணி நேர உழைப்பும். மூன்று கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 9 மணி நேரம். முழுநேர முதுநிலை மாணவருக்குப் பல இடங்களில் 9 கிரெடிட், அதாவது மூன்று பாடங்கள், 27 மணி நேரம். வளாகத்துக்குள் வேலை செய்ய விசா அனுமதிக்கும் உச்சவரம்பு வகுப்புக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம். இரண்டையும் சேர்த்தால் 47. காகிதத்தில் முடிகிற கணக்கு இது. சமையல், துணி துவைத்தல், ஊருக்குத் தொலைபேசி எதுவும் இதில் சேரவில்லை. முதல் பருவத்தில் 10 மணி நேர வேலைக்கு மேல் ஒப்புக்கொள்ளாதீர்கள் என்பது என் கருத்து. பணத்தேவை வேறு மாதிரி இருந்தால் நான் அதில் பேசத் தகுதியில்லை.

பல் மருத்துவத்தில் பொதுச் சுகாதாரம் படித்தவர்தானே, இந்தப் பாடத்திலிருந்தே விலக்குக் கேட்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அடுத்த மாதம் கேட்பீர்கள். கேட்கலாம், சில இடங்களில் தகுதித் தேர்வும் வைப்பார்கள். நான் பார்த்தவரை நம் மருத்துவர்கள் அதில் தடுமாறுகிறார்கள். பரவும் விதங்களையும் திட்டங்களையும் அவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஓர் ஆய்வில் பிழை எங்கே நுழைந்தது, எந்தத் திசையில் முடிவை இழுத்தது என்று கேட்டால் கை நின்றுவிடும். தவிரவும், விலக்குக் கிடைத்தால் கிரெடிட் கிடைக்காது. அங்கீகார அமைப்பான செஃப், எம்.பி.எச். பட்டத்துக்குக் குறைந்தது 42 கிரெடிட் என்று வைத்திருக்கிறது; அந்த மூன்றை வேறு பாடத்தால் நிரப்பியாக வேண்டும். என் யோசனை, பேசாமல் பாடத்தையே எடுங்கள்.

இப்போது மின்னஞ்சல். எழுதுங்கள், இன்றே. கோபித்துக்கொள்ள மாட்டார், ஆகஸ்டில் அப்படி 30 கடிதங்கள் வரும், அவற்றில் படித்தவுடன் பதில் எழுத முடிகிற கடிதம் இரண்டோ மூன்றோதான். உங்களுடையது அதில் ஒன்றாக இருக்கட்டும். ‘மதிப்பிற்குரிய ஐயா, தாங்கள் அன்புகூர்ந்து ஆவன செய்யுமாறு’ என்ற நம் விண்ணப்ப நடையை அப்படியே ஆங்கிலமாக்காதீர்கள். டாக்டர் என்று போட்டுக் குடும்பப் பெயரால் விளியுங்கள். பொருள் வரியில் பாட எண்ணும் பிரிவு எண்ணும். உள்ளே ஐந்து வரி போதும்: நீங்கள் எந்தப் பட்டத்தில் முதல் ஆண்டு, இது உங்களுக்குக் கட்டாயப் பாடம், பட்டியலில் 7-ஆவது இடம், உயிர்ப்புள்ளியியலின் எந்தப் பாட எண்ணை இதே பருவத்தில் எடுக்கிறீர்கள், முன்பு புள்ளியியல் எங்கே எவ்வளவு படித்தீர்கள், மாணவர் எண். கடைசியில் ஒரே ஒரு கேள்வி: முன்தகுதித் தடையை நீக்க முடியுமா? குடும்ப நிலை, கனவு, சிறுவயது லட்சியம் எதுவும் வேண்டாம். அந்தக் கேள்விக்கு அவரால் ஆம், இல்லை என்று அரை நிமிடத்தில் பதில் சொல்ல முடிய வேண்டும். நான்கு நாளில் பதில் வராவிட்டால் துறையின் மாணவர் சேர்க்கை ஒருங்கிணைப்பாளருக்கு எழுதுங்கள். உண்மையில் பல துறைகளில் பொத்தானை அழுத்துபவர் அவர்தான். ஆசிரியர் தலையாட்டுவதோடு சரி.

ஆடிட் செய்வது, அதாவது மதிப்பெண் இல்லாமல் கேட்பவராக உட்காருவது, உங்களுக்குப் பயன்படாது. ஆசிரியர் சரி என்றாலும் ஆடிட் பாடம் எஃப்-1 விசாவின் முழுநேரக் கணக்கில் சேராது. இணையவழிப் பிரிவில் இடம் இருக்கிறதே என்று அதற்குத் தாவுவதற்கு முன்னும் நில்லுங்கள்: ஒரு பருவத்தில் முழுநேரக் கணக்குக்கு இணையவழிப் பாடம் ஒன்று, அல்லது மூன்று கிரெடிட் மட்டும்தான் செல்லும். அந்த ஒன்றை இதற்கே செலவழித்துவிட்டால் மற்ற இரண்டும் நேரில் போய் உட்காரும் பாடங்களாகவே இருக்க வேண்டும். இது உறுதியான விதி. இதில் யாருடைய தயவும் செல்லாது.

விலகுவதில் இரண்டு வகை. ஆரம்ப நாட்களுக்குள் விலகினால் நீங்கள் அந்தப் பாடத்தில் இருந்த சுவடே மதிப்பெண் பட்டியலில் இருக்காது; கட்டணமும் முழுதாகவோ பெரும்பகுதியோ திரும்பும். அதன்பின் விலகினால் டபிள்யூ விழும், பணம் வாரத்துக்கு வாரம் கரையும். ஒரு டபிள்யூ யாருடைய வாழ்க்கையையும் கெடுத்ததாக நான் பார்த்ததில்லை. ‘சி’ வாங்குவதைவிட அது மேல். ஆனால் உங்களுக்கு இதில் ஒரு பொறி இருக்கிறது. விலகியதால் 9 கிரெடிட்டுக்குக் கீழே இறங்கினால், விலகுவதற்கு முன்பே சர்வதேச மாணவர் அலுவலகத்தின் அனுமதி கையில் இருக்க வேண்டும். முன்பே என்பதை இரண்டு முறை படியுங்கள். கணினியில் ‘விலகு’ பொத்தானை அழுத்திவிட்டு மறுநாள் போய்ச் சொன்னால் விசா நிலை அறுந்திருக்கும். படிப்புச் சிரமம் காரணமாகப் பாரத்தைக் குறைத்துக்கொள்ள ஒரு பட்ட நிலைக்கு ஒரு முறை அனுமதி உண்டு. ஆங்கிலத்தில் ஆரம்பச் சிரமம், அமெரிக்கக் கற்பித்தல் முறை பழகாதது, தவறான நிலைப் பாடத்தில் சேர்த்தது ஆகியவை ஏற்கப்படும் காரணங்கள். அப்போதும் முழுச் சுமையில் பாதியாவது வைத்திருக்க வேண்டும். உடல்நலக் காரணம் என்றால் தனி விதி. மருத்துவர் கடிதத்தோடு மொத்தம் 12 மாதம் வரை.

‘தாமதமான வீட்டுப்பாடம் ஏற்கப்படாது’ என்பது உண்மைதானா? பாதி. கெடு முடிந்ததும் விடைகளை வெளியிட்டுவிடுவோம். அதற்குப் பிறகு வந்த தாளைத் திருத்துவதில் பொருளில்லை. கண்டிப்புக்குக் காரணம் அதுதான், குணம் அல்ல. அந்தக் கண்டிப்பை ஈடுகட்டவே ‘மிகக் குறைந்த வீட்டுப்பாட மதிப்பெண் ஒன்று கணக்கில் சேராது’ என்ற வரியைப் பக்கத்திலேயே வைத்திருப்போம். அதை முதல் மாதத்தில் சோம்பலுக்குச் செலவழிக்காதீர்கள். நவம்பரில் காய்ச்சலுக்கு வேண்டியிருக்கும். கெடுவுக்கு முந்தைய நாள் எழுதிக் கேட்பவருக்கு நான் அவகாசம் மறுத்ததாக நினைவில்லை. கெடு முடிந்து இரண்டு நாள் கழித்து, பாட்டி இறந்துவிட்டார் என்று எழுதியவருக்கு இரங்கல் சொல்லியிருக்கிறேன். மதிப்பெண் தர முடிந்ததில்லை. இதில் எனக்கே இன்றும் மனம் ஒப்பாத ஒன்றிரண்டு சம்பவங்கள் உண்டு.

சேர்ந்து படிக்கும் விதியை நம்மவர்கள் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள், அதனால் சற்று விரிவாகச் சொல்கிறேன். பெரும்பாலான வகுப்புகளில் விதி இது: சேர்ந்து பேசலாம், தனித்தனியாக எழுத வேண்டும். ஓர் உதாரணம். புகையிலை மெல்லுவதற்கும் வாய்ப்புற்றுநோய்க்கும் உள்ள உறவைப் பார்க்க 100 நோயாளிகளையும் நோயற்ற 100 பேரையும் எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள் (கற்பனை எண்கள்தான்). நோயாளிகளில் மெல்லுபவர் 40, மற்றவர்களில் 20. சரியான விடை ஆட்ஸ் விகிதம், அதாவது இரு குழுவிலும் மெல்லுபவருக்கும் மெல்லாதவருக்கும் உள்ள விகிதங்களை ஒப்பிடுவது: 40-ஐ 80-ஆல் பெருக்கி, 60-ஐ 20-ஆல் பெருக்கியதால் வகுத்தால் 2.67. ஆனால் வகுப்பில் ஏழெட்டுப் பேராவது 1.56 என்று எழுதுவார்கள். மெல்லுபவர் 60 பேரில் 40 பேருக்கு நோய், மெல்லாதவர் 140 பேரில் 60 பேருக்கு நோய் என்று குறுக்கே வகுத்து வந்த எண் அது. நோயாளிகளையும் நோயற்றவர்களையும் இத்தனை பேர் என்று நாமே தேர்ந்தெடுத்திருக்கும்போது ஆபத்தை அப்படிக் கணக்கிட முடியாது என்பதுதான் அந்த வாரப் பாடமே. ஏழு பேர் 1.56 எழுதினால் அது காப்பி அல்ல. எல்லோரும் விழும் பள்ளம். இரண்டு பேர் மட்டும் 2.76 என்று எண்களை மாற்றி எழுதியிருந்தால், அதுவும் கீழே விளக்கத்தில் ஒரே எழுத்துப் பிழையோடு, அங்கே சந்தேகம் தொடங்குகிறது. அப்போதும் அது சந்தேகம்தான், முடிவு அல்ல, கூப்பிட்டுப் பேசுவேன். ஆனால் சில பல்கலைக்கழகங்களில் சந்தேகம் வந்தாலே ஒழுங்குக் குழுவுக்கு அனுப்பியாக வேண்டும், ஆசிரியருக்குத் தனித் தீர்ப்பு கிடையாது. அங்கே கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே கூண்டில்தான் நிற்பார்கள். நண்பனுக்குத் தாளைக் கொடுப்பது நம் ஊரில் நற்குணம். அங்கே அதை அவனுக்கு விளக்கிச் சொல்லுங்கள், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும். கோப்பை மட்டும் அனுப்பாதீர்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுக்கான விதி ஆசிரியருக்கு ஆசிரியர் மாறும். பக்கத்து வகுப்பில் அனுமதி இருந்தால் இங்கும் இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

மதிப்பெண் பற்றி ஒரு மனக்கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள். நமக்கு 60 சதவீதம் முதல் வகுப்பு. அமெரிக்க முதுநிலைப் படிப்பில் சராசரி ‘பி’, அதாவது 4-க்கு 3.0, அதற்குக் கீழே இறங்கினால் பல இடங்களில் எச்சரிக்கைக் கடிதம் வரும். ‘பி மைனஸ்’ என்பது ஆசிரியர் தோளைத் தட்டுவதல்ல, தொண்டையைச் செருமுவது. ‘இன்கம்ப்ளீட்’ என்று ‘ஐ’ கேட்பது, பெரும்பகுதி வேலையை முடித்துவிட்டு இறுதியில் நோயோ துயரமோ வந்தவருக்கானது. நடுப் பருவத்தில் பின்தங்கியவருக்கு அது வழியல்ல. முடிக்காமல் விட்டால் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் அதுவே ‘எஃப்’ ஆக மாறும் இடங்கள் உண்டு.

கற்றல் சிரமமோ பார்வை, செவிக் குறையோ, நீண்டகால நோயோ இருந்தால் மறைக்காதீர்கள். 1990-இன் மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி தேர்வில் கூடுதல் நேரம் போன்ற ஏற்பாடுகளைக் கேட்கலாம். ஆசிரியரிடம் நோயைச் சொல்ல வேண்டியதே இல்லை. அதற்கென்று உள்ள அலுவலகத்தில் பதிந்தால் அவர்கள் கடிதம் அனுப்புவார்கள். முடிந்துபோன தேர்வுக்குப் பின்னோக்கிச் செல்லாது என்பதால் முதல் வாரமே செய்யுங்கள். இன்னொரு சட்டம் 1974-இன் ஃபெர்பா. உங்கள் மதிப்பெண்ணைப் பற்றி உங்கள் ஒப்புதலில்லாமல் ஆசிரியர் பெற்றோரிடம் பேசக் கூடாது. திருச்சியிலிருந்து ஓர் அப்பா எனக்கு மிக மரியாதையாக, மகள் எப்படிப் படிக்கிறாள் என்று எழுதியிருந்தார். அவள் வகுப்பில் முதல் ஐந்து பேரில் ஒருத்தி. என்னால் எழுத முடிந்ததெல்லாம், சட்டப்படி எதுவும் சொல்ல இயலாது, மகளிடமே கேளுங்கள் என்ற இரண்டு வரி. அவர் என்ன நினைத்துக் கலங்கினாரோ. வீட்டில் இதை முன்பே சொல்லிவையுங்கள்.

கடைசியாக, சிலபஸின் ஒன்பதாவது பத்தாவது பக்கத்தில் ‘தேர்வில் கைப்பேசி கூடாது, சாதாரண அறிவியல் கால்குலேட்டர் மட்டும்’ என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். நான்கு செயல் மட்டும் உள்ளதை வாங்கிவிடாதீர்கள். இயற்கை மடக்கைப் பொத்தான் இருக்க வேண்டும். மேலே சொன்ன 2.67-க்கு நம்பக இடைவெளி கண்டுபிடிக்க, மடக்கை எடுத்து, நான்கு எண்களின் தலைகீழிகளைக் கூட்டி வர்க்கமூலம் கண்டு, 1.96-ஆல் பெருக்கி, கூட்டியும் கழித்தும் மறுபடி திருப்ப வேண்டும், 1.42-இலிருந்து 5.02 வரை என்று வரும். புது கால்குலேட்டரில் அதை ஊரிலேயே ஒரு முறை போட்டுப் பாருங்கள். ஆனால் அதற்கு முன், இன்று இரவு, உங்கள் மாணவர் கணக்கைத் திறந்து ஹோல்டு ஏதாவது விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.